பரிமளாவைத் தெரியாதவர் தேவை

போன மாதம் நிஷா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள். நல்ல பெண், எதையும் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாது.

"கோமதிக்கா, வெளிநாட்டுலேருந்து ஒரு குழு விசிட் வர்றாங்க. அவங்க நாடு மாநிலம் மாநிலமா இருக்கிற நாடு. ரெண்டு சின்ன மாநிலம் சேர்ந்து ஒரே தேர்வாணையம் வச்சுக்கலாமான்னு யோசிக்கிறாங்களாம். நம்மகிட்ட பல டிபார்ட்மெண்டுக்குச் சேர்த்து ஒரே போர்டு இருந்துச்சில்ல, அது எப்படி நடந்துச்சுன்னு கேக்கணுமாம். ரெண்டு பக்கம் எழுதித் தாங்க லா."

"நான் எழுதினா உங்களுக்குப் பிடிக்காது."

"நல்லதா எழுதுங்கக்கா."

நல்லதாகவே எழுதி அனுப்பினேன். ஆள் எடுக்கும் செலவு குறையும். ஒரே வேலைக்கு ஒரே அளவுகோல். சின்ன அலுவலகத்துக்கும் பெரிய அலுவலகத்துக்கும் சமமான ஆட்கள் கிடைப்பார்கள். சிபாரிசு உள்ளே நுழைய முடியாது. ஒன்றுகூடப் பொய்யில்லை. நிஷா கட்டைவிரல் படம் அனுப்பி நன்றி சொன்னாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. என் வேலைக்காலத்தில் பாதிக்கு மேல் அந்தத் தேர்வுக் குழுவுக்குச் செயலாளராக இருந்திருக்கிறேன். அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு அதில் பரிமளாவைப் பற்றி ஒரு வரி இல்லையென்றால், அது விளம்பரமே தவிர அனுபவம் இல்லை. ஆகவே மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தீவில் மாநிலங்கள் கிடையாது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எம்.ஆர்.டி. ரயிலில் போய் வேலையை முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் துறைகள் உண்டு. ஒவ்வொரு துறையும் தனக்குத் தனிக் கொடி இருப்பதுபோலத்தான் நடந்துகொள்ளும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் எழுதுவதைச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று, ஒருவர் பேசப் பேச மற்றவருக்கு எடுத்துச் சொல்லும் வேலை. வழக்கு மன்றங்களுக்கு அப்படி ஆள் வேண்டும், மருத்துவமனைக்கு வேண்டும், தொழிலாளர் புகார்களைக் கேட்கும் அலுவலகத்துக்கும் வேண்டும். முன்பெல்லாம் ஒரே ஆள் மூன்று இடத்திலும் விண்ணப்பம் போட்டு, மூன்று இடத்திலும் பேட்டிக்குப் போய் உட்கார்ந்து, ஒரே கேள்விகளுக்கு ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருப்பார். ஓரிடத்தில் முதல் ஆளாகத் தேறியவர் இன்னோரிடத்தில் லாயக்கில்லை என்று திரும்பி வருவார்.

அந்தக் கூத்தை நிறுத்துவதற்காக மூன்று துறைகளும் சேர்ந்து ஒரே தேர்வுக் குழுவை வைத்துக்கொண்டன. ஒரே பேட்டி. தேறியவர்கள் பொதுப் பட்டியலில் இருப்பார்கள். ஆள் தேவைப்படும் துறை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளும். பட்டியலில் இல்லாதவரை எந்தத் துறையும் எடுக்கக்கூடாது. குழுவின் விதியில் ஒரு வார்த்தையை மாற்ற வேண்டுமென்றாலும் மூன்று துறைகளும் சம்மதிக்க வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் படித்தபோது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை பெரிதல்ல. பள்ளி முடித்தேன், தட்டச்சு படித்தேன், அரசாங்க அலுவலகத்தில் கடைசி மேசையில் உட்கார்ந்தேன். எனக்குக் கூட்டக் குறிப்பு எழுதச் சொல்லிக் கொடுத்த சீன அம்மாள் ஒருவர் இருந்தார். "யார் என்ன சொன்னார்கள் என்று எழுதாதே, என்ன முடிவானது என்று எழுது" என்பார். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே முப்பது வருடத்துக்கும் மேல் ஓட்டிவிட்டேன். அதனால்தானோ என்னவோ, யார் என்ன சொன்னார்கள் என்பது காகிதத்தில் இல்லாமல் என் மண்டைக்குள் சேர்ந்துவிட்டது.

குழுவின் தலைவர் ஜமால் சார். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவருடைய தாத்தா காலத்திலேயே இங்கே துணி வியாபாரம். நெட்டையான மனிதர். பேசும்போது குரல் உயராது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் என்னை "மிஸ் கோமதி" என்றுதான் கூப்பிட்டார். ஒருமுறை சிரித்துக்கொண்டே திருத்தினேன். "சரி மிஸ் கோமதி" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

பேட்டிக்கு வருபவர் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பார். வந்தவர் பதினெட்டு வயதுப் பெண்ணாக இருந்தாலும் சரிதான். வந்தவர் உட்கார்ந்த பிறகே அவர் உட்காருவார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்த வழியா வந்தீங்க?" பஸ்ஸா, ரயிலா, எங்கே மாறினீர்கள் என்று விசாரிப்பார். பதற்றத்தில் பெயரை மறந்தவர்கள்கூட அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வார்கள். அந்த ஒரு நிமிடத்தில் அவர்களுடைய தோள் இறங்குவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

மதிப்பெண் போடுவதிலும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். குழுவில் மூன்று பேர். பேட்டி முடிந்து வந்தவர் வெளியே போன பிறகு யாரும் வாயைத் திறக்கக்கூடாது. ஆளுக்கொரு சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். இருப்பவர்களில் இளையவரின் சீட்டை நான் முதலில் வாசிப்பேன். தலைவரின் சீட்டைக் கடைசியில். பெரியவர் முதலில் வாயைத் திறந்தால் சின்னவர் தன் எண்ணை மாற்றிக்கொள்வார் என்பது அவருடைய கணக்கு. நான் பார்த்த வேறெந்தக் குழுவிலும் இந்த அக்கறை இல்லை.

தெரிந்தவர் விஷயத்தில் மட்டும் அவர் ஒரு படி மேலே போவார். பேட்டிக்கு வருபவரைத் தெரியுமானால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தெரிவித்தால் போதும், மற்றவர்கள் யோசித்து முடிவு செய்துகொள்ளலாம். ஜமால் சார் வந்த பிறகு அது வேறு மாதிரி ஆனது. தெரியுமென்றால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். வெளியே போனவருக்குப் பதில், மாற்று உறுப்பினர்களின் காத்திருப்புப் பட்டியலிலிருந்து ஒருவர் வருவார். இது எந்தக் காகிதத்திலும் இல்லை. அவர் போனார், அதைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள், சில வருடங்களில் அதுவே வழக்கமாகிவிட்டது.

தெரியும் என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு தடவை கேட்டேன். "ரோட்ல பார்த்தா பேரைச் சொல்லிக் கூப்பிடுவீங்களா? அப்படின்னா தெரியும்" என்றார்.

பேட்டிக் காலம் வந்துவிட்டால் தமிழர்கள் கூடும் கடைத்தெருவான தேக்கா பக்கமே அவர் தலைகாட்ட மாட்டார். டோபி காட் பக்கத்திலிருந்த எங்கள் அலுவலகத்திலிருந்து வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு சிராங்கூன் சாலை வழியாக நடந்து போகிறவர், அந்த வாரங்களில் ஜாலான் புசார் வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். கல்யாணத்துக்குப் போக மாட்டார். யார் வீட்டு நோன்பு திறப்புக்கும் போக மாட்டார். நாங்கள் அவரைக் கேலி செய்வோம், எனக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அவருக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

ஒருமுறை, ஊரில் பெரிய புள்ளி என்று பெயர் வாங்கிய ஒருவர் தன் தங்கை மகனுக்காகப் போன் செய்தார். ஜமால் சார் நிதானமாகக் கேட்டார். பிறகு, "ஐயா, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. பக்கத்துல செயலாளர் எழுதிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார். நான் காதில் வைப்பதற்குள் மறுமுனை துண்டிக்கப்பட்டது. அந்தப் பையன் பேட்டிக்கு வந்தான், நன்றாகச் செய்தான், தேறினான். மாமா வாயை மூடிக்கொண்டிருந்தாலும் தேறியிருப்பான். அன்று ஜமால் சாரை நினைத்து எனக்கு ஒரே பெருமை. இப்படிப்பட்டவரிடம் வேலை செய்கிறோமே என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

எங்கள் குழு மற்ற வேலைகளுக்கு ஆங்கிலத்தில் நடத்தும் பொதுப் பேட்டிகளில் இந்த வழக்கத்தால் ஒரு தொல்லையும் இல்லை. வருபவர்கள் நூற்றுக்கணக்கில், யாருக்கும் யாரையும் தெரியாது. தமிழ் வேலைக்கு வருபவர்கள் ஐந்தாறு பேர்தான். அதைத் தீர்மானிக்கும் தகுதியுள்ள மூத்தவர்கள் மொத்தமே பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் ஒரே பள்ளிகளில் படித்தவர்கள், ஒரே கோயிலில், ஒரே பள்ளிவாசலில் கூடுபவர்கள், ஒரே கல்யாணங்களில் சாப்பிட்டவர்கள். ஒருவர் வெளியே போக, ஒருவர் உள்ளே வர, எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தோம். பரிமளா விண்ணப்பம் போடும்வரை சமாளித்தோம்.

பரிமளா நிரந்தர வேலையில் இல்லாத மொழிபெயர்ப்பாளர். கூப்பிட்ட அன்று வேலை, வேலை செய்த அன்று காசு. அவளைக் கூப்பிடாத துறை கிடையாது. கட்டுமானத் தளத்தில் சாரத்திலிருந்து விழுந்த தொழிலாளி, சம்பளம் வராமல் புகார் கொடுக்க வந்தவன், ஆங்கிலம் தெரியாத முதியவர், யாராக இருந்தாலும் "பரிமளாவைக் கூப்பிடு" என்பார்கள். கொஞ்சம் கரகரத்த குரல், வேகமான நடை, தோளில் ஊரையே அடைக்கக்கூடிய ஒரு பை. விசாரணை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் அவள் அந்த ஆளை ஓரமாக உட்காரவைத்து, இவ்வளவு நேரம் என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அதற்குக் காசு கிடையாது.

அவள் கணவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவளே கூட்டிப் போய், கூட்டி வர வேண்டும். பிள்ளைகள் கிடையாது. அவர் பக்கத்தில் இருந்தால் வருமானம் இல்லை, வருமானத்துக்குப் போனால் அவர் பக்கத்தில் ஆள் இல்லை. நிரந்தர வேலை கிடைத்தால் மாதச் சம்பளம் வரும், விடுப்பு வரும். அதோடு இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. தினக்கூலி மொழிபெயர்ப்பாளர்களை நிறுத்திவிட்டு, போன் வழியாக மொழிபெயர்க்கும் ஒரு நிறுவனத்திடம் அந்த வேலையைக் கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அதற்கு முன்பு நிரந்தர இடங்களுக்குக் கடைசியாக ஒரு சுற்று ஆள் எடுப்பார்கள். அந்தச் சுற்றில் உள்ளே போகாதவருக்கு அதன் பிறகு வாசல் கிடையாது. பரிமளா அதற்குத்தான் விண்ணப்பித்தாள்.

பேட்டிக்கு இரண்டு வாரம் முன்பு பெயர்ப் பட்டியலைக் குழுவின் மூவருக்கும் அனுப்பினேன். முதலில் செல்வம் கூப்பிட்டார். வழக்கு மன்றங்களின் சார்பில் குழுவில் இருந்தவர். "பரிமளாவுக்கு நான் உக்கார முடியாது, கோமதி. வாரம் தவறாம பார்க்கிற ஆளு." அடுத்தது மருத்துவமனை சார்பில் இருந்த லலிதா. "எங்கப்பா வார்டுல கிடந்தப்போ தினம் வந்து பாத்தவ அவ. எப்படி உக்கார்றது?"

மூன்றாவது ஜமால் சார். என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"எனக்கும் தெரியும், மிஸ் கோமதி. என்னைப் பெத்த உம்மா ஆஸ்பத்திரியில மவுத்தானப்போ நான் உம்ராப் பயணம் போயிருந்தேன். தம்பி வந்து சேர லேட்டாயிடுச்சு. உம்மாவுக்குத் தமிழைத் தவிர ஒண்ணும் தெரியாது. டாக்டர் பேசுனது உம்மாவுக்கும், உம்மா பேசுனது டாக்டருக்கும் அந்தப் பொண்ணு வழியாத்தான் போச்சு. கடைசிவரைக்கும் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சாம். உம்மா என்ன சொன்னாங்கன்னு என்கிட்ட வந்து சொன்னதும் அந்தப் பொண்ணுதான்." பிறகு, "நான் எப்படி மார்க் போடுவேன்?" என்றார்.

அன்று நான் வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் வாதாடினேன். விதி தெரிவிக்கத்தான் சொல்கிறது, வெளியே போகச் சொல்லவில்லை என்றேன். மூன்று பேரும் தெரியும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அவளுக்குப் பேட்டி நடத்தலாம், விதிப்படி அதில் ஒரு தப்பும் இல்லை என்றேன்.

"இத்தனை வருஷமா எத்தனை பேருக்கு வெளியே போயிருக்கோம்? இப்ப மட்டும் உள்ளே இருந்தா, எனக்கு வேண்டிய பொண்ணுன்னு சொல்ல மாட்டாங்களா? அவ மேலயும் அந்தக் கறை படியும். ஆளைத் தேடுங்க, மிஸ் கோமதி."

தேடினேன். காத்திருப்புப் பட்டியலில் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர் சிரித்தே விட்டார். "பரிமளாவைத் தெரியாத தமிழன் வேணுமா உனக்கு? பேப்பர்ல விளம்பரம் குடு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொருவருடைய கடையில் வேலை செய்த பையனின் வழக்கில் அவள் நின்றிருக்கிறாள். இன்னொருவருடைய அண்ணியும் அவளும் ஒரே கோயிலில் அன்னதானத்துக்குப் பரிமாறுகிறவர்கள். ஒருவர் தெரியும் என்று சொன்னதோடு நிற்காமல், "அவளுக்கு இன்னுமா வேலை குடுக்கல?" என்று என்னைக் கோபித்துக்கொண்டார். அவளைப் பற்றி இவ்வளவு நல்லதை ஒரே வாரத்தில் நான் கேட்டதில்லை. ஒவ்வொரு நல்ல வார்த்தையும் அவளுக்கு ஒரு நாற்காலியைக் குறைத்தது.

கடைசியில் ராகவன் சார் அகப்பட்டார். முன்பு தமிழாசிரியராகவும் பிறகு தமிழ்ப் பாட ஆய்வாளராகவும் இருந்தவர், மகளோடு ஆஸ்திரேலியாவில் பல வருடமாக இருந்தார். பேட்டி வாரத்தில் ஊருக்கு வருவதாக இருந்தார். பெயரைப் படித்துக் காட்டினேன். பதிவில் இருப்பது தகப்பனார் பெயரோடு சேர்த்த பரிமளவல்லி என்ற முழுப் பெயர். "அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே" என்றார். எனக்கு உயிர் வந்தது. அவசரத்துக்கு ஒருவர் இருந்தாலும் போதும் என்று குழு விதியிலேயே இடமிருந்தது. ஜமால் சாரும் சம்மதித்தார். பரிமளாவுக்கு மற்றவர்களோடு சேர்த்து அழைப்பு அனுப்பினேன்.

பேட்டியன்று காலை அவள் சீக்கிரமே வந்துவிட்டாள். பழுப்பு நிறத்தில் நல்ல பருத்திச் சேலை, தலையைப் படிய வாரியிருந்தாள். கணவரை டயாலிசிஸ் நிலையத்தில் விட்டுவிட்டு நேரே வருவதாகச் சொன்னாள். "பயமா இருக்குக்கா. அடுத்தவங்க பேசுறதைத்தானே எப்பவும் பேசுவேன். இன்னிக்கு என்னைப் பத்தி நானே பேசணும்" என்றாள். மற்ற நான்கு பேர் ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். அவளைக் கடைசியாக வைத்திருந்தோம். செல்வமும் லலிதாவும் கிளம்பிவிட்டார்கள். ராகவன் சாரை வரவேற்க ஜமால் சார் பேட்டி அறை வாசலில் வந்து நின்றார்.

ராகவன் சார் லிஃப்டிலிருந்து வெளியே வந்தார். அப்போது பரிமளா காத்திருக்கும் அறையில் நின்றபடி, டயாலிசிஸ் நிலையத்து நர்ஸிடம் போனில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கரகரத்த குரலைக் கேட்டு அவர் திரும்பினார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, பரிமளாவா? பேச்சுப் போட்டிப் பரிமளா தானே நீ?"

அவள் போனை அப்படியே இறக்கினாள். "சார். என்னை ஞாபகம் இருக்கா சார்?"

"உன் குரலை எவன் மறப்பான்? இங்க எங்கம்மா நீ?"

பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு அவளைத் தயார் செய்தவர் அவர்தான். கல்யாணத்துக்கு முன்பு வெறும் பரிமளாவாக, வேறு உருவத்தில் இருந்த சின்னப் பெண். அவள் குனிந்து அவர் காலைத் தொட்டாள். இத்தனை வருடம் கழித்து வாத்தியார் அடையாளம் கண்டுகொண்ட சந்தோஷத்தில் அவள் கண் கலங்கியிருந்தது. நான் ஜமால் சாரைப் பார்த்தேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே போனதும் ராகவன் சார் எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: "ஜமால், அது பள்ளிக்கூடப் புள்ளையா இருந்தப்போ பார்த்தது. இப்ப அது என்ன பண்ணுதுன்னுகூட எனக்குத் தெரியாது."

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க, சார்."

"கூப்பிட்டா?"

"தெரியும்னுதானே அர்த்தம்."

ராகவன் சாருக்குக் கோபம் வந்துவிட்டது. இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்டார். ஜமால் சார் குரலை உயர்த்தவில்லை. வேண்டுமானால் தன் மேல் புகார் எழுதிக் கொடுக்கச் சொன்னார். அவரும் அந்தப் பேட்டி நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதை நான் சத்தியமாகச் சொல்வேன். ஆனால் அவரால் முடியவில்லை. சிலருக்குப் பொய் சொல்ல முடியாது என்பார்கள். இவருக்கு, அடுத்தவர் சொல்லும் அரைப் பொய்யைக் கேட்டும் கேட்காததுபோல் இருக்கக்கூட முடியவில்லை.

வெளியே போய்ச் சொல்ல வேண்டியவள் நான். இன்றைக்குக் குழு சரியாக அமையவில்லை, பேட்டியை ஒத்திவைத்திருக்கிறோம், பிறகு தெரிவிப்போம் என்றேன்.

"நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனாக்கா?"

"இல்லை."

"ராகவன் சார் இருக்காரே உள்ளே."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "சரிக்கா, அவரைக் கூட்டிட்டு வரணும்" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போனாள்.

அதன் பிறகு நடந்ததுதான் நிஷாவின் விருந்தாளிகள் தெரிந்துகொள்ள வேண்டியது. மருத்துவமனைக்குப் பரிமளா வேண்டும். வழக்கு மன்றங்களுக்கும் வேண்டும். தொழிலாளர் அலுவலகத்துக்கும் வேண்டும். தனித்தனியாக இருந்த காலமாக இருந்தால் இதில் எந்த ஒன்றும் மறுநாளே அவளை உட்கார வைத்திருக்கும். ஆனால் பட்டியலில் இல்லாதவரை யாரும் எடுக்க முடியாது. ஜமால் சார் சும்மா இருக்கவில்லை. இந்த ஒரு பெயருக்கு மட்டும் விலக்குத் தர வேண்டும், அவளோடு வேலை செய்த அதிகாரிகளின் அறிக்கையை வைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு மூன்று துறைகளுக்கும் எழுதினார். முதல் துறை, மற்ற இரண்டும் சம்மதித்தால் எங்களுக்கும் சம்மதம் என்றது. இரண்டாவதும் அதையே சொன்னது. மூன்றாவது, முதலில் யார் சம்மதிக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டது. நான் தினமும் போன் செய்தேன். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். எல்லோரும் பரிமளாவை விசாரித்தார்கள்.

பதில்கள் வந்து சேர்வதற்குள் சுற்று முடிந்தது. தேறிய நான்கு பேரும் இடங்களை நிரப்பிவிட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தினக்கூலி வேலை நின்றது. பரிமளா சாங்கியில் விமானச் சரக்குக் கிடங்கில் வேலைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை, ஷிஃப்ட் வேலை. பேட்டி ஏன் நடக்கவில்லை என்பது எப்படியோ அவள் காதுக்குப் போய்விட்டது. லலிதா சொல்லியிருப்பார், கேட்டதற்கு இல்லை என்றார், நான் நம்பவில்லை.

அடுத்த வருடம் அவள் கணவர் இறந்தார். டயாலிசிஸ் நடக்கும்போதே ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. நிலையத்திலிருந்து அவளுக்கு விடாமல் போன் செய்திருக்கிறார்கள். கிடங்கினுள் போனை எடுத்துப் போக விட மாட்டார்கள்; வாசலிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோதுதான் பார்த்தாள்.

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தார்கள். நான் போனபோது மேசைகள் நிறைந்திருந்தன. ஒரு மேசையில் செல்வம், லலிதா, காத்திருப்புப் பட்டியலில் நான் போன் செய்தவர்களில் பாதிப் பேர் எல்லோரும் இருந்தார்கள். என்னைச் சிரித்துக் கேலி செய்த தலைமையாசிரியரும் இருந்தார். வேறு வேலைகளுக்கான பேட்டிக் காலம் நடந்துகொண்டிருந்தது; ஆனாலும் ஜமால் சார் வந்திருந்தார். இப்படி ஓரிடத்துக்குப் பேட்டிக் காலத்தில் அவர் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

பரிமளா ஒவ்வொரு மேசையாக வந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் மேசைக்கு வந்ததும் ஜமால் சார் எழுந்து நின்றார்.

"என்ன உதவி வேணும்னாலும் சொல்லும்மா. தயங்காதே."

அவள் எங்களை ஒருவர் விடாமல் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கோபம் இல்லை. களைத்துப் போயிருந்தாள்.

"எல்லாரும் வந்திருக்கீங்க. சந்தோஷம் சார்," என்றாள். "அன்னிக்கு ஒரே ஒருத்தர் என்னைத் தெரியாதுன்னு சொல்லியிருந்தா, லீவு போட்டுட்டு இவர் பக்கத்துல உக்காந்திருப்பேன். தனியாப் போயிட்டாரு, சார். கையைப் பிடிக்கக்கூட ஆளில்லாம போயிட்டாரு."

ஜமால் சார் யாரை நினைத்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும், அந்த மேசையில் வேறு யாருக்கும் தெரியாது. பரிமளா அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். அவர் உட்காரவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்து உட்காரச் சொன்னேன், அப்போதும் உட்காரவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஈமச்சடங்கு செய்பவர் வந்து, "தூக்க ஆள் பத்தல. சொந்தக்காரங்கதான் வேணும்னு இல்ல, தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் வாங்க" என்று கூப்பிட்டார். எங்கள் மேசையிலிருந்த ஆண்கள் எல்லோரும் எழுந்து போனார்கள். ஜமால் சார் முதல் ஆளாகப் போய்த் தோள் கொடுத்தார்.